கடலோரச் சேற்றில் யார் எதைத் தின்கிறார்கள்? ஆக்ஸிஜன் இல்லாத உலகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கழிமுகத்துச் சேற்றில் காலை வைத்து எடுத்தால் மேலே மெல்லிய பழுப்புப் படலம், அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு, கூடவே அழுகிய முட்டை வாடை. படலம், கறுப்பு, வாடை இந்த மூன்றையும் சரியாக வாசிக்கத் தெரிந்தால் உள்ளே நடப்பதில் பாதி விளங்கிவிடும். மீதியையும் சேர்த்து, ஓர் இறந்த பாசித் துணுக்கு சேற்றுக்குள் இறங்கியதிலிருந்து அதன் கார்பன் வெளியேறும் வரை படிப்படியாகப் பார்க்கலாம். கடைசியில் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனையும் இருக்கிறது.

உதாரணத்துக்கு டென்மார்க் கடற்கரையை எடுத்துக்கொள்கிறேன். லிம்ஃபியோர்டு, ஆர்ஹூஸ் விரிகுடா போன்ற இடங்களின் சேற்றை 1970-கள் முதல் விடாமல் அளந்துவருகிறார்கள். இந்தத் துறையில் இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தச் சேற்றிலிருந்து வந்ததுதான்.

முதலில் ஒரு கணக்கு

உணவை எரிப்பது என்றால் அதிலிருக்கும் எலெக்ட்ரான்களைப் பிடுங்கி வேறு யாரிடமாவது தள்ளிவிடுவது. நாம் ஆக்ஸிஜனிடம் தள்ளுகிறோம். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியா நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்ஃபேட் (கடல்நீரில் கரைந்திருக்கும் கந்தக உப்பு) என்று கிடைத்ததிடம் தள்ளுகிறது. பாடப்புத்தகங்களில் இதை ஓர் ஏணியாக வரைந்திருப்பார்கள். உச்சியில் ஆக்ஸிஜன், அடியில் மீத்தேன், மேலிருந்து கீழே வர வர ஆற்றல் குறையும். அட்லாண்டிக்கின் ஆழ்கடல் சேற்றை வைத்து 1979-ல் ஃப்ரோலிக்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்த வரிசை எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது.

படம் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குக் கடலோரச் சேறு பிடிபடாது என்பது என் எண்ணம். யாருக்கு லாபம் அதிகம் என்பதைத்தான் ஏணி சொல்கிறது. வேலையில் பெரும்பங்கு யாருடையது என்பது கையிருப்பைப் பொறுத்தது. அதனால் கையிருப்பை எண்ணிப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 0.25 மில்லிமோல் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு, அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிமோல்). ஒரு மூலக்கூறு ஒரு கார்பன் அணுவை எரிக்கும் என்பதால் அந்த லிட்டரால் 0.25 மில்லிமோல் கார்பனைத்தான் எரிக்க முடியும். கரையோர நைட்ரேட் சாதாரணமாக அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சல்ஃபேட்டோ முழு உப்புள்ள கடல்நீரில் 28 மில்லிமோல், எடையில் லிட்டருக்கு சுமார் 2.7 கிராம். ஒவ்வொரு சல்ஃபேட்டும் எட்டு எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு இரண்டு கார்பனை எரிக்கும். ஆக 56 மில்லிமோல் கார்பன். ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல்!

ஆற்றலில் சல்ஃபேட் பரம ஏழை. ஒரு மோல் அசிட்டேட்டை (வினிகர் அமிலத்தின் உப்பு) ஆக்ஸிஜனோடு எரித்தால் சுமார் 850 கிலோஜூல் கிடைக்கும், சல்ஃபேட்டோடு எரித்தால் 48-ஐத் தாண்டாது. இருந்தும் கடலோரத்தில் ஆள்வது சல்ஃபேட்தான். போ பார்க்கர் யோர்கன்சன் லிம்ஃபியோர்டு சேற்றில் அளந்து 1977-ல் வெளியிட்ட கணக்கில், எரிந்த கார்பனில் பாதிக்குச் சற்று மேல் சல்ஃபேட் வழியாகவே போயிருந்தது.

படி 1: உணவு வந்து இறங்குகிறது

வசந்த காலத்தில் டென்மார்க் கரையோர நீரில் டயாட்டம் என்ற நுண்பாசிகள் திடீரென்று பெருகும். உரம் தீர்ந்ததும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு அடியில் படியும். அதோடு கடற்புல் இலைகள், நத்தை, புழுக்களின் கழிவு, ஆறு கொண்டுவரும் மட்கு எல்லாம் சேரும்.

சேற்றின் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் எவ்வளவு ஆழம் இறங்குகிறது? பல கரையோரச் சேறுகளில் சில மில்லிமீட்டர், அவ்வளவுதான். 1980-களில் நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக் போன்றவர்கள் முடியைவிட மெல்லிய முனையுள்ள கண்ணாடி மின்முனைகளைச் சேற்றில் செருகி அளந்த பிறகுதான் இது துல்லியமாகத் தெரிந்தது. அந்தப் பழுப்புப் படலம் இருக்கிறதே, அதில் ஆக்ஸிஜன் எட்டும் இடம் மேல் ஓரம் மட்டும். துருப்பிடித்த இரும்பு இருப்பதால்தான் மீதி பழுப்பாகத் தெரிகிறது.

உணவு மேலேயே தங்கிவிடுவதும் இல்லை. புழுக்களும் நண்டுகளும் சிப்பிகளும் அதை இழுத்துக்கொண்டு போய் பல சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கின்றன. வளைகளின் சுவரை ஒட்டி ஆக்ஸிஜனும் கொஞ்சம் உள்ளே போகும். ஆகையால் உண்மையான சேற்றில் அடுக்குகள் படத்தில் இருப்பதுபோல் நேர்கோடாக இருக்காது. கறுப்புக்கு நடுவே பழுப்புத் திட்டுகள், பழுப்புக்குள் கறுப்புப் புள்ளிகள் என்றுதான் இருக்கும்.

படி 2: வாய்க்கு வெளியே செரித்தல்

பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. சுவர்த் துளைகள் வழியே நுழையக்கூடியது சுமார் 600 டால்டனுக்குக் (ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை) குறைந்த சிறு மூலக்கூறு மட்டுமே. டயாட்டம் தரும் உணவோ நீண்ட சர்க்கரைச் சங்கிலி, புரதம், கொழுப்பு. அதனால் நொதிகளை வெளியே விட்டு, பெரிய மூலக்கூறுகளைத் துண்டுபோட்ட பிறகுதான் உள்ளே எடுக்க முடியும்.

எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் உடைவதில்லை. பாசியின் சேமிப்புச் சர்க்கரையும் புரதமும் சீக்கிரம் போய்விடும். செல்லுலோஸ் மெதுவாகப் போகும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் ஆக்ஸிஜன் இல்லாமல் அநேகமாக அசையாது, ஏனென்றால் அதை உடைக்கும் முக்கியமான நொதிகளுக்கே ஆக்ஸிஜன் வேண்டும். அலையாத்தி வேரும் மரத்துண்டும் சேற்றுக்குள் உருவம் கெடாமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் லாங் ஐலண்டு சவுண்டு கடற்பகுதியின் சேற்றில் புதிதாகப் பாசியைப் போட்டு அது கரையும் வேகத்தை வெஸ்ட்ரிக், பெர்னர் இருவரும் அளந்து 1984-ல் வெளியிட்டார்கள். வேகமாகப் போகும் பங்கு, மெதுவாகப் போகும் பங்கு, அசையவே அசையாத பங்கு என்று உணவு மூன்றாகப் பிரிந்தது. சேறு ஆழமாக ஆக ஏன் மந்தமாகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. நல்லதையெல்லாம் மேலே இருப்பவர்கள் முதலிலேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 3: நொதித்தல்

சிறு சர்க்கரையும் அமினோ அமிலமும் கிடைத்தவுடன் நொதிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. வெளியிலிருந்து எலெக்ட்ரான் வாங்க ஆள் இல்லாமலே பிழைப்பவை இவை. ஒரே மூலக்கூறை இரண்டாக்கி, ஒரு பாதியின் எலெக்ட்ரானை மறு பாதியிடம் தள்ளிவிடும். முடிவில் மிஞ்சுவது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட், ஃபார்மேட், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும், கூட்டுக் குடித்தனத்தின் ரகசியமே இந்த ஹைட்ரஜனில்தான் இருக்கிறது. பியூட்டிரேட்டை அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் உடைப்பது சாதாரண நிலையில் நஷ்டத் தொழில், ஆற்றல் வராது, செலவாகும். சுற்றிலும் ஹைட்ரஜன் மிக மிகக் குறைவாக இருந்தால் மட்டுமே லாபம் வரும். அப்படிக் குறைத்து வைப்பது யார்? அதைச் சாப்பிடும் அடுத்த ஆள். சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் (சுருக்கமாக சல்ஃபேட் பாக்டீரியாக்கள்) இருக்கும் சேற்றில் ஹைட்ரஜன் லிட்டருக்கு ஒன்றிரண்டு நானோமோல்தான் (மில்லிமோலில் பத்து லட்சத்தில் ஒன்று நானோமோல்) இருக்கும். உற்பத்தி குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை, உண்டான கணத்திலேயே தின்றுவிடுகிறார்கள். அசிட்டேட்டும் இப்படித்தான். அளந்தால் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் அந்தக் கொஞ்சம் சில மணி நேரத்துக்குள் முழுவதும் கைமாறிப் புதிதாகிவிடுகிறது. செறிவைப் பார்த்து முக்கியத்துவத்தை எடைபோடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

ஆக, சேற்றுக்குள் எந்தப் பாக்டீரியாவும் தனியாக ஒரு டயாட்டமைத் தின்று முடிப்பதில்லை. ஒருவர் உடைத்துப் போடுவார், இன்னொருவர் நொதிக்க வைப்பார், எரிப்பது வேறொருவர்.

படி 4: நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு

மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம். நைட்ரேட் ஆற்றல் மிக்கது, ஆனால் கையிருப்பு மிகக் குறைவு. ஆக்ஸிஜன் முடியும் இடத்துக்குக் கீழே சில மில்லிமீட்டருக்குள் தீர்ந்துவிடும், நைட்ரஜன் வாயுவாக வெளியேறும். மாங்கனீசு ஆக்ஸைடும் இரும்புத் துருவும் நீரில் கரையாத திடப்பொருள்கள். அவற்றைச் 'சுவாசிக்க' வேண்டுமானால் எலெக்ட்ரானை உடலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஜியோபேக்டர், ஷெவானெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதற்கென்றே மின்கடத்தும் புரதங்களை வைத்திருக்கின்றன.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. டென்மார்க்குக்கும் நார்வேக்கும் நடுவே உள்ள ஸ்காகெராக் கடலில் சுமார் 700 மீட்டர் ஆழத்துச் சேற்றைக் கேன்ஃபீல்டும் தாம்டிரப்பும் அளந்து 1993-ல் எழுதினார்கள். அங்கே மாங்கனீசு ஆக்ஸைடு கொட்டிக்கிடந்தது. காற்றில்லா எரிப்பு கிட்டத்தட்ட முழுவதையும் மாங்கனீசே பார்த்துக்கொண்டது. அதே ஆய்வில் வேறு இடங்களில் இரும்புக்கும் பெரிய பங்கு இருந்தது. ஓர் இரும்பு அணு நிரந்தரமாகப் புதைவதற்கு முன் துருவாகவும் கரைசலாகவும் நூறு முறைக்கு மேல் மாறி மாறிப் போய்வந்திருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. அந்தப் போக்குவரத்தை நடத்தியவை சேற்றைக் கிளறும் புழுக்கள். கையிருப்புதான் தீர்மானிக்கிறது என்பது இங்கேயும் பொய்க்கவில்லை.

படி 5: சல்ஃபேட்

சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவை 1895-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெய்ஜெரிங் முதலில் விவரித்தார். இன்று டீசல்ஃபோவிப்ரியோ என்கிறோம். அதன் பிறகு நெடுங்காலம் ஒரு சிக்கல் தீராமலே இருந்தது. ஆய்வகத்தில் வளர்ந்த இந்த பாக்டீரியாக்கள் லாக்டேட்டைத் தின்று அசிட்டேட்டைக் கழிவாக வெளியே விட்டன, அசிட்டேட்டைத் தொடவே இல்லை. சேற்றிலோ அசிட்டேட் குவிவதில்லை. அப்படியானால் யார் தின்கிறார்கள்? 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் விடலும் நோர்பர்ட் ஃபென்னிக்கும் அசிட்டேட்டையே உணவாகக் கொடுத்து, பொறுமையாகக் காத்திருந்து, டீசல்ஃபோபேக்டர் போன்றவற்றைப் பிரித்தெடுத்தார்கள். அசிட்டேட்டை முழுவதுமாகக் கார்பன் டை ஆக்ஸைடு வரை எரிப்பவை இவை. அதுவரை தவறான உணவைக் கொடுத்துத் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

யார் எதைத் தின்கிறார்கள் என்று சேற்றிலேயே கண்டுபிடிக்க ஓர் அழகான உத்தி உண்டு. மாலிப்டேட் என்ற உப்பு சல்ஃபேட்டைப்போலவே தோற்றம் காட்டி இந்தப் பாக்டீரியாக்களை ஏமாற்றி முடக்கும். அதைச் சேற்றில் கலந்தால் உண்பவர் நின்றுவிடுவார், சமைப்பவர் நிற்க மாட்டார். அப்போது எது எவ்வளவு வேகத்தில் குவிகிறதோ அதுதான் இதுவரை தின்னப்பட்டுவந்த உணவு. சோரன்சனும் யோர்கன்சன் குழுவும் டென்மார்க் சேற்றில் இதைச் செய்து 1981-ல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதி அசிட்டேட், பிறகு புரோப்பியோனேட், பியூட்டிரேட், கடைசியில் சிறு பங்கு ஹைட்ரஜன் என்று தெரிந்தது.

வேகத்தை அளக்க வேறு வழி. கதிரியக்கக் கந்தகம் 35 கொண்ட சல்ஃபேட்டைச் சேற்றுக் குழாயில் ஊசியால் ஏற்றி, சில மணி நேரம் விட்டு, சட்டென்று நிறுத்தி, எவ்வளவு சல்ஃபைடாக மாறியிருக்கிறது என்று எண்ணுவார்கள். ஐம்பது ஆண்டுகளாக இந்தத் துறையின் அன்றாட வேலை இது.

எண்ணெய்கூட இவற்றின் உணவுதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். டீசலில் இருக்கும் ஹெக்ஸாடெக்கேனை ஆக்ஸிஜன் இல்லாமல், சல்ஃபேட்டை மட்டும் வைத்து முழுதாக எரிக்கும் பாக்டீரியாவை விடல் குழு 1991-ல் அறிவித்தது. ஆனால் இதை நம்பி எண்ணெய்க் கசிவைச் சேறே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் வெஸ்ட் ஃபால்மத் அருகே 1969-ல் ஒரு படகிலிருந்து கொட்டிய எண்ணெயின் மிச்சம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சதுப்புச் சேற்றுக்குள் இருந்தது. முடியும் என்பதும் வேகமாக முடியும் என்பதும் ஒன்றல்ல.

படி 6: கறுப்பும் வாடையும் எங்கே போகின்றன

சல்ஃபேட் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டதும் ஹைட்ரஜன் சல்ஃபைடாகிறது. அழுகிய முட்டை வாடை இதுதான். அது இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு, அதாவது அந்தக் கறுப்பு. காலப்போக்கில் அதிலொரு பகுதி பைரைட் என்ற பொன்னிறக் கனிமமாகிறது. அதனால் கறுப்பாக இருந்தும் வாடை இல்லாத சேறு உண்டு. இரும்பு போதுமான அளவு இருந்து சல்ஃபைடைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். வாடை தூக்கலாக வந்தால் இரும்பு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆனால் லிம்ஃபியோர்டு கணக்கில் இப்படிக் கனிமமாகப் புதைந்தது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மீதி சல்ஃபைடு மேலே ஏறி வந்து மறுபடி சல்ஃபேட்டாகிறது, அதற்குச் செலவாவது பெரும்பாலும் ஆக்ஸிஜன். ஆக, கீழே நடந்த சாப்பாட்டைக் கடனில் நடந்த சாப்பாடு என்று சொல்லலாம். சல்ஃபேட் கைமாற்றாகக் கொடுத்தது, ஆக்ஸிஜன் பிறகு மேலே நின்று அடைக்கிறது. கோடையில் அடிநீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் கடன் அடைபடாமல் சல்ஃபைடு நீருக்கே வந்துவிடும். சிப்பியும் மீனும் சாவது அப்போதுதான்.

கடன் அடைக்கும் வழிகளில் மிக விசித்திரமானது ஆர்ஹூஸ் சேற்றில் கண்டது. ஆக்ஸிஜன் இருக்கும் மேலடுக்குக்கும் சல்ஃபைடு இருக்கும் கீழடுக்குக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் இடைவெளி. இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை, ஆனாலும் சல்ஃபைடு எரிந்துகொண்டிருந்தது. லார்ஸ் பீட்டர் நீல்சனும் கூட்டாளிகளும் 2010-ல் இதை மின்னோட்டம் என்றார்கள், கேட்டவர்கள் எளிதில் நம்பவில்லை. 2012-ல் கம்பியே கிடைத்தது. ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாகக் கோத்த, சென்டிமீட்டர் நீளமுள்ள கேபிள் பாக்டீரியா. கீழ்முனைச் செல்கள் சல்ஃபைடைத் தின்று எலெக்ட்ரானை மேலே அனுப்ப, மேல்முனைச் செல்கள் அதை ஆக்ஸிஜனிடம் ஒப்படைக்கின்றன. உறவுமுறையில் இவை சல்ஃபேட் பாக்டீரியாக்களின் சொந்தக்காரர்களேதான்.

படி 7: சல்ஃபேட்டும் தீர்ந்த பிறகு

இன்னும் கீழே போனால் சல்ஃபேட்டும் தீர்ந்துவிடும். சில இடங்களில் அரை மீட்டர், சில இடங்களில் பல மீட்டர். அங்கே மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் பொறுப்பேற்கின்றன. இவை பாக்டீரியா அல்ல, தனி வம்சம். மேலே இவை ஏன் தலையெடுக்கவில்லை? இவற்றுக்கு ஹைட்ரஜன் 7 முதல் 10 நானோமோலாவது வேண்டும். சல்ஃபேட் பாக்டீரியா அதை ஒன்றிரண்டுக்கு இறக்கி வைத்திருப்பதால் பட்டினிதான். மெத்தில் அமின், மெத்தனால் போன்ற சில உணவுகளில் சல்ஃபேட் பாக்டீரியா அவ்வளவாகப் போட்டிக்கு வராததால், உப்புச் சதுப்பிலும் அலையாத்திச் சேற்றிலும் சல்ஃபேட் இருக்கும்போதே கொஞ்சம் மீத்தேன் உண்டாவதும் உண்டு.

மேலே ஏறிவரும் மீத்தேன் சல்ஃபேட்டைச் சந்திக்கும் எல்லையில் ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் கூட்டாக அதை எரித்துவிடுகின்றன. அந்தக் கூட்டுக் கொத்துகளை அன்ட்யே போயட்டியஸ் குழு 2000-ல் படம் பிடித்துக் காட்டியது.

படி 8: மூன்று பாட்டிலில் செய்து பார்ப்பது

உருசிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய வழியைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திப் பகுதிகள் காப்புக்காடுகள், அனுமதியில்லாமல் சேறு அள்ளக் கூடாது. சாதாரண உப்பங்கழி ஓரமே போதும்.

ஒரு லிட்டர் தெளிவான பாட்டில் மூன்று வேண்டும். முதல் பாட்டிலில் உப்பங்கழிச் சேறும் கடல்நீரும். இரண்டாவதில் குளத்துச் சேறும் குளத்து நீரும். மூன்றாவதிலும் அதே குளத்துச் சேறு, குளத்து நீர், கூடவே இரண்டு சாக்பீஸ் பொடி. சாதாரண சாக்பீஸ் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட். தூசி பறக்காத வகையை வாங்காதீர்கள், அது பெரும்பாலும் சுண்ணாம்பு. மூன்றிலும் ஒரே அளவு காகிதத் துணுக்கும் ஒரு தேக்கரண்டி காய்ந்த இலைத்தூளும் கலந்து, முக்கால் பாகம் சேறு, மேலே நான்கு விரல் நீர் என்று நிரப்புங்கள். பக்கச்சுவரை ஒட்டி ஓர் இரும்பு ஆணியைச் செருகுங்கள். மூடியைத் தளர்வாகவே வையுங்கள், வாயு சேர்ந்தால் பாட்டில் வெடிக்கும். வெளிச்சம் பட்டால் ஊதா, பச்சை நிறப் பாக்டீரியாக்கள் வந்து கதையை மாற்றிவிடும். ஆகவே அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள்.

நம் ஊர் வெப்பத்தில் சில வாரத்துக்குள் வித்தியாசம் தெரியத் தொடங்கும். கடல் பாட்டிலில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு பரவும், வாடை வரும். வெறும் குளத்துப் பாட்டிலில் இருக்கும் கொஞ்ச சல்ஃபேட்டுக்கு ஏற்றபடி லேசாகக் கறுத்து, பிறகு குமிழ்கள் தங்கத் தொடங்கும். அதில் மீத்தேனும் இருக்கும், தீக்குச்சி காட்டிப் பார்க்க வேண்டாம். கவனிக்க வேண்டியது மூன்றாவது பாட்டில். சேறும் நீரும் உணவும் இரண்டாவதைப் போலவேதான், சல்ஃபேட் மட்டும்தான் கூடுதல். ஆனால் அது கடல் பாட்டிலின் பக்கம் சாயும்.

கடன் கணக்கையும் பார்த்துவிடலாம். கறுத்த சேற்றை ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பிக் காற்றில் வையுங்கள். ஆக்ஸிஜன் இரும்பு சல்ஃபைடை எரிக்க எரிக்கக் கறுப்பு வெளிறிச் சாம்பலாகி, பழுப்புக்குத் திரும்பும். வேலையெல்லாம் மொட்டை மாடியிலோ வாசலிலோ இருக்கட்டும். மூக்கைப் பாட்டிலுக்குள் விடாதீர்கள். சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும், ஆபத்து அதில்தான். எலுமிச்சைச் சாறோ வினிகரோ வேறு எந்த அமிலமோ ஊற்றவே கூடாது, அடைபட்டிருக்கும் சல்ஃபைடு மொத்தமாக வாயுவாக வெளியேறும். கையில் புண் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முடித்த பிறகு கடல் சேற்றை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வாருங்கள். குளத்துச் சேற்றை நிழலில் ஒரு வாரம் காயவிட்டுச் செடிக்குப் போடலாம், ஆணியை மட்டும் எடுத்துவிடுங்கள்.